அந்தோனியார் கோயிலும் அறுந்த வலையும்

தவக்காலம் பிறந்துவிட்டால் தீவகத்துக் கரையோரக் கிராமங்களில் கச்சதீவுத் திருநாளைப் பற்றிய பேச்சே பேச்சு. பாயும் கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தலுமாகக் குடும்பங் குடும்பமாய் மக்கள் குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறுவர். மறுகரையாகிய இராமேசுவரத்திலிருந்தும் அவ்வாறே படகுகள் வரும். குடிமக்களே இல்லாத அந்த 285 ஏக்கர் நிலம் இரண்டு நாளைக்கு ஓர் ஊராகிவிடும். வெள்ளி மாலை கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் சொரூபப் பவனியும். சனி காலை திருநாட் பூசை.

1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. எனினும் இந்திய யாத்திரிகர் பயணப் பத்திரமின்றியே வந்து போகலாம் என்று அதே உடன்படிக்கையில் எழுதிவைத்தார்கள். இரு அரசுகளும் அந்தோனியாருக்குக் காட்டிய மரியாதை அது!

காணாமற்போன பொருளை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. ஆகவே, கடன்பட்டு வாங்கிய வலையைக் கடலிலே பறிகொடுத்த நெடுந்தீவு மீனவர் அச்சந்நிதியில் முழந்தாளிட்டு எதை வேண்டுவார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அவ்வலையை அறுத்துச் சென்ற படகின் தொழிலாளி பக்கத்திலேயே முழந்தாளிட்டிருக்கவும் கூடும். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே செபம், ஒரே நற்கருணை.

இழுவைமடி என்பது கடலடியை வாரி இழுத்துச் செல்லும் வலை. பெருமீன், குஞ்சு, நண்டு, கடற்புல் என்ற வேற்றுமை அதற்கில்லை. குறுக்கே விரித்திருக்கும் சிறு தொழிலாளியின் வலையையும் அது விட்டுவைப்பதில்லை. யுத்த காலத்தில் எம்மவர் கடலுக்குச் செல்ல முடியாதிருந்தபோது தமிழகத்து இழுவைப் படகுகள் இக்கடலுக்குப் பழகிவிட்டன. அப்படகுகளில் வருவோரிற் பெரும்பாலோர் கூலிக்கு உழைக்கும் ஏழைகள்; படகு வேறொருவருடையது. இதை மறந்து பேசுவது நியாயமன்று. இலங்கையில் இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதன் பின்னரும் குடாநாட்டிலே அத்தொழிலைக் கைவிடாத எம்மவர் உண்டு என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். அவர்களிலும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர் இருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனம் செய்பவன், பிறர் பொருளைக் கவர்ந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பது திருச்சபையின் பழம்போதனை. ஞானோபதேச வகுப்பில் சிறுவர்கூட இதைப் படிக்கிறார்கள். அறுந்த வலைக்கு அப்போதனை பொருந்துமா என்று எந்தக் கோயிலில் யார் கேட்டார்கள்?

அந்தோனியார் கேட்டிருப்பார். மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்ற கதையை நாம் யாவரும் அறிவோம். அவர் பதுவை நகரில் வட்டிக்காரரைக் கண்டித்துப் பேசியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன் உடைமையைக் கடன்காரரிடம் ஒப்படைத்துவிட்ட ஏழையைச் சிறையில் வைக்கலாகாது என்று, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், 1231 மார்ச்சில் அந்நகரம் சட்டம் செய்தது. அதே ஆண்டு யூன் மாதம் அவர் இறந்தார்.

2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரின் பிரதிநிதிகளும் இலங்கையில் கூடிப் பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதென்று இணக்கம் கண்டார்கள். அவ்வாண்டும் போயிற்று, பல ஆண்டுகளும் போயின.

2024 பெப்ரவரியில், தம் படகோட்டிகளைச் சிறையிட்டதைக் கண்டித்து இராமேசுவரத்தார் திருநாளைப் புறக்கணித்தனர். கடற்சண்டை கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டதென்று பலர் வருந்தினார்கள். எமக்கோ, அந்த ஓராண்டுதான் கோயிலும் கடலும் ஒன்றையே பேசியதாகத் தோன்றுகிறது.

2025 மார்ச்சில் மறுபடியும் வந்தார்கள். பூசை முடிந்ததும் இரு கரையாரும் நலம் விசாரித்து விடைபெற்றுப் படகேறினார்கள். மாலையிலே தீவு வெறுமையாயிற்று. இனி நெடுந்தீவார் இருட்டிய பின் கரையில் நின்று, தூரத்தே வரிசையாய்த் தெரியும் விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அன்றிரவு வலை விரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள்.