மொட்டைப் பாறையில் சுனை எப்படி வந்தது?

விடுமுறையில் மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ச் சாலையில் புறப்பட்டு, கிளைச் சாலையில் திரும்பி அரிட்டாபட்டிக்குச் சென்று பாருங்கள்.

அங்கே மொட்டைக் குன்றுகளைக் காண்பீர்கள். ஒரு குகையின் முகப்பில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்து மாங்குளம் குன்றில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளும், நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரைத் தாங்கிய கல்வெட்டும் உள்ளன. துறவிகள் தனிமையை நாடினார்கள், சரி. ஆனால், தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? குன்றுகளில் சுனைகள் இருந்ததால்தான் அவர்களால் அங்கே வாழ முடிந்தது. நகருக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணமலையில் இதைக் கண்ணாரக் காணலாம். பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் சுனையை அடுத்த பாறையிலேயே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

கடல் கடந்தும் இதே கதைதான். மெக்சிகோ நாட்டில் யூக்காத்தான் பகுதியின் வடபாகத்தில் தரைமேல் ஆறுகள் ஓடுவதில்லை. எனவே மாயர்கள் தங்கள் சிச்சேன் இட்சா நகரை இயற்கைக் கிணறுகளின் அருகே அமைத்தார்கள். ‘இட்சா மக்களின் கிணற்று வாய்’ என்பதே அப்பெயரின் பொருள். அங்குள்ளது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகி அப்பாறையை அரிக்கிறது. உள்ளே குகை உண்டாகிறது. அதன் கூரை இடிந்து விழுந்தால் கிணறு தோன்றுகிறது.

நம் குன்றுகளோ கருங்கல் இனம். மழைநீரில் அவ்வாறு கரைவதில்லை. பிறகு சுனை எப்படி வந்தது? பாறையில் விரிசல்கள் பல ஓடுகின்றன. உச்சியில் பெய்த மழை அவற்றின் வழியே இறங்குகிறது. விரிசலற்ற அடிப்பாறையை அடைந்ததும், மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விரிசல்கள் குறுகலானவை என்பதால் மழை நின்ற பின்னும் கசிவு நெடுநாள் தொடர்கிறது. சித்திரை வெயிலிலும் அந்த நீர் குளிர்ந்திருப்பது ஏன் தெரியுமா? பாறை வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. ஒரு பகலின் சூடு இரண்டு மூன்று சாணுக்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை.

குளிர்ந்த நீரைக் கண்டதும் குதிக்க ஆசை வரும். பொறுங்கள்! நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3. ஆகவே நேர் மேலிருந்து பார்த்தால் 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகவே தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஆழத்தைக் கண்ணால் அளந்து இறங்காதீர்கள். கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களின் பக்கமே போகாதீர்கள்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது. 2024-இல் இப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தனர், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அவர்களுடைய அச்சத்தின் காரணத்தை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பாறையை வெடி வைத்துப் பிளந்தால் விரிசல்களின் பாதை மாறிவிடும். நீர் வேறு வழியே வடிந்துபோகும். கல்வெட்டைப் படியெடுத்தேனும் காப்பாற்றலாம். சுனையைப் படியெடுக்க முடியுமா?