வலைப்பூவும் வகுப்பறையும்

ஓதுதலையும் எழுதுகோலையும் முதல் வெளிப்பாட்டிலேயே உயர்த்திப் பேசிய மார்க்கம் இஸ்லாம். கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதாரை, கொத்தாக மலர்ந்தும் மணம் கமழாத மலருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இவ்விரு மரபுகளின் நிழலில் பயிலும் நம் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எழுதித் தரும் ஒப்படைப்புகள் பின்னர் என்ன ஆகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் படிக்கிறார், மதிப்பெண் இடுகிறார். தாள்கள் துறை அலமாரியில் சில காலம் அடுக்கி வைக்கப்பெறுகின்றன. பின்னர்ப் பழைய தாள் வாங்குவோரின் தராசுக்குச் சென்றுவிடுகின்றன. பாட்டியிடம் கேட்டெழுதிய தாலாட்டும், பாட நூலைப் பார்த்து எழுதிய பக்கமும் அத்தராசில் ஒரே எடையாகவே நிற்கின்றன. பாட்டி மறைந்தபின் அத்தாலாட்டை மீட்பார் யார்?

இவ்விழப்பைத் தடுக்கும் எளிய கருவிகளுள் ஒன்று வலைப்பூ. அதனைத் தமிழ்த்துறையின் பாடத்தளமாகவும், மாணவர் படைப்புகளின் களஞ்சியமாகவும் பயன்படுத்தும் முறையையும், பயன்படுத்துங்கால் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் ஈண்டுக் காண்போம்.

வலைப்பூவின் தோற்றம்

இணையத்தில் ஒருவர் தாம் எழுதுவனவற்றை நாள்முறையில் வெளியிட்டுக்கொள்ளும் தளமே வலைப்பூ ஆகும். புதியது மேலும் பழையது கீழுமாக அமைவது அதன் இயல்பு. கணினி நிரல் அறியாதாரும் எழுதி வெளியிடலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. 1999ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பைரா லேப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'பிளாகர்' சேவையைத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனைக் கூகுள் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் 'வேர்ட்பிரஸ்' வெளிவந்தது. கல்விக்கென்றே 2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 'எடுபிளாக்ஸ்' தொடங்கப்பெற்றது.

தமிழில் வலைப்பூக்கள் 2003ஆம் ஆண்டில் தோன்றின. அதற்கு முன் தமிழ் இணையத்தளங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறி பரவிய பின்னரே இவ்விடர் நீங்கிற்று. 2004ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பூக்களை ஒரே முற்றத்தில் கூட்டியது. 2010ஆம் ஆண்டு சூன் 23 முதல் 27 வரை கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தது. அதனையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. கல்லூரி மாணவர்களுக்கெனத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியும் நடத்தப்பெற்றது. மாணவர் எழுத்து வகுப்பறைச் சுவரைக் கடந்து உலகோர் பார்வைக்குச் செல்லத்தக்கது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இஃது எனலாம்.

தமிழாசிரியர்களும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. புதுச்சேரியில் பணியாற்றிய முனைவர் மு. இளங்கோவன் தம் வலைப்பூவில் தமிழறிஞர் வரலாறுகளைத் தொடர்ந்து பதிவு செய்ததோடு, ஊர்தோறும் சென்று தமிழ் இணையப் பயிலரங்குகளையும் நடத்தினார். நம் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் பேராசிரியராக விளங்கிய முனைவர் இரா. குணசீலன் 'வேர்களைத்தேடி' என்னும் வலைப்பூவில் சங்க இலக்கியச் செய்திகளை எளிய நடையில் எழுதினார். தாராபுரம் போன்ற ஊரில் இருந்துகொண்டும் உலகத் தமிழர்க்குப் பாடம் சொல்லலாம் என்பதற்கு இவை தக்க சான்றுகளாம்.

பாடத்தளமாகும் முறை

செய்திகளைப் பரிமாறத்தான் வாட்ஸ்அப் குழு உள்ளதே, வலைப்பூ எதற்கு என்று வினவுவார் உளர். குழுவில் இடும் செய்தி ஆற்று நீர் போன்றது, வந்ததும் போய்விடும். அடுத்த ஆண்டு சேரும் மாணவனுக்கு அது கிட்டாது. கல்லூரியின் இணையத்தளமோ பெரும்பாலும் அலுவலகத்தாரின் பொறுப்பில் இருப்பது. ஒரு பாடக்குறிப்பைச் சேர்க்கவும் பிறரை எதிர்நோக்க வேண்டும். வலைப்பூவில் ஆசிரியரே எழுதலாம், திருத்தலாம், வகைப்படுத்தலாம். எழுதியது ஏரி நீராகத் தேங்கி அடுத்தடுத்த வகுப்பினருக்கும் பாயும்.

வலைப்பூவில் 'பக்கம்', 'இடுகை' என இருவகை உண்டு. மாறாதனவாகிய பாடத்திட்டம், பார்வை நூல்கள், முந்தைய வினாத்தாள்கள் ஆகியவற்றைப் பக்கங்களாக அமைக்கலாம். வாரந்தோறும் வளரும் பாடக்குறிப்புகளையும் மாணவர் கட்டுரைகளையும் இடுகைகளாக வெளியிடலாம். ஒவ்வோர் இடுகைக்கும் 'சங்க இலக்கியம்', 'இலக்கணம்', 'இசுலாமியத் தமிழ்' எனக் குறிச்சொல் இட்டுவிட்டால், ஒரு சொல்லைத் தொட்ட அளவில் அப்பொருள் பற்றியன யாவும் ஒருங்கே தோன்றும். பிளாகர் வலைப்பூ ஒன்றில் 100 பேர் வரை எழுத்தாளர்களாகச் சேரலாம். ஆதலின் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே தளத்தில் எழுத இயலும்.

எதனை இடலாகாது என்பதும் அறியத்தக்கது. மதிப்பெண், வருகைப் பதிவு போன்றவை மாணவர்தம் தனிச்செய்திகள். அவை பொதுப் பார்வைக்கு உரியன அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகளுக்கு நூலுரிமை நிலைத்திருக்கும். எனவே சங்கப் பாடலையும் பாரதியார் பாடலையும் முழுமையாக இடலாம். இன்றைய கவிஞர் ஒருவரின் கவிதை பாடமாக இருப்பின், அதற்கு விளக்கம் எழுதலாமேயன்றிக் கவிதை முழுவதையும் இசைவின்றி வெளியிடுதல் முறையன்று. மாணவர் எழுதிய கட்டுரையின் உரிமையும் அம்மாணவருக்கே உரியது என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தல் ஆகாது.

மாணவர் எழுத வேண்டியவை

பலரும் அறிந்த பொருளைத் தலைப்பாகக் கொடுத்தால், பிற தளத்திலிருந்து படியெடுத்து ஒட்டுதலே நிகழும். செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் கட்டுரை வரைந்து தரும் இக்காலத்தில் இவ்விடர் இன்னும் பெருகியுள்ளது. எங்கும் கிடைக்காததை எழுதச் சொல்லுதலே இதற்குரிய மருந்து. எங்கும் கிடைக்காதது எங்கே கிடைக்கும்? மாணவனின் சொந்த ஊரிலேயே கிடைக்கும்.

சங்க இலக்கியம் ஆன்பொருநை எனப் போற்றிய அமராவதி நம் ஊரின் ஓரத்தில் ஓடுகிறது. மூலனூர், காங்கயம் பக்கங்களில் முட்கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடுகள் உள்ளன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அம்மேய்ச்சல் நிலங்களே காங்கயம் காளைகளை வளர்த்தவை. அந்நிலத்தோடு வழங்கும் சொற்களை அறிந்தவர் அங்குள்ள முதியோரே. கட்டுத்தரை, அட்டாலி, ஒட்டுக்கா போன்ற கொங்குச் சொற்களை வீட்டில் கேட்டு, பொருளும் வழக்கும் காட்டி, ஒரு மாணவர் பத்துச் சொற்களை எழுதினாலும் போதும். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஐந்நூறு சொற்பதிவுகள் திரளும். கூறியது கூறலை நீக்கிய பின்னும் அது நல்லதொரு வட்டாரச் சொல்லகராதிக்குக் கால்கோளாகும்.

நம் சமுதாய வீடுகளிலும் இத்தகு செல்வம் உண்டு. அத்தா, நன்னா எனும் உறவுச்சொற்கள், திருமண வீட்டுப் பாடல்கள், மௌலிது ஓதும் வழக்கம், அரபுத்தமிழில் எழுதப்பெற்ற பழைய ஏடுகள் ஆகியன பதிவு செய்யத்தக்கன. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்கு ஈந்தவர்கள் நம் முன்னோர். அவற்றுள் எத்தனை வரிகள் இன்றும் நம் பாட்டிமார் நாவில் உள்ளன என்பதைக் கேட்டறிய வேண்டியவர் பேரப்பிள்ளைகளே.

திறன்பேசியிலேயே இவற்றை எழுதிவிடலாம். எனினும் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வருவிக்கும் பழக்கத்தை விடுத்து, தமிழ் 99 விசைப்பலகையைப் பயிலுதல் நன்று. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமுமாக அமைந்த அப்பலகை தமிழின் இயல்புக்கு ஏற்றது.

சான்று காட்டும் ஒழுக்கம்

இணையத்தில் எழுதுவோர் பலரிடம் காணப்பெறும் குறை, செய்தி எங்கிருந்து பெறப்பட்டது என்று கூறாமையாகும். இவ்வகையில் நபிமொழி தொகுத்த அறிஞர்கள் நமக்கு வழிகாட்டிகள். கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் போன்றோர் நபிமொழியை மட்டும் எழுதி அமையவில்லை. அதனை யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் உடன் எழுதினர். அத்தொடரில் உள்ள ஒவ்வொருவரின் நம்பகத்தையும் ஆராய்ந்தனர். தொடர் அறுந்த செய்தியை ஐயத்துடனேயே நோக்கினர். நம் மாணவரும் தாலாட்டு ஒன்றை இடுங்கால், பாடியவர் யார், எவ்வூரினர், அவர் யாரிடம் கற்றார், எந்நாளில் கேட்கப்பெற்றது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். அக்குறிப்பே அவ்விடுகையை ஆய்வுக்குரிய ஆவணமாக உயர்த்தும். பாடியவரின் இசைவைப் பெற்ற பின்னரே பெயரை இடுதல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

பெரியோரின் ஐயமும் அதற்கு விடையும்

பெண்பிள்ளைகளின் பெயரும் படமும் இணையத்தில் உலவுவதா என்று பெற்றோரும் ஜமாஅத்துப் பெரியோரும் கவலை கொள்கின்றனர். இக்கவலை பொருளற்றதன்று, புறந்தள்ளத்தக்கதுமன்று. ஆயினும் அதற்காக மாணவியரை எழுதாமல் தடுத்தல் நேரிதன்று. தடுப்பின், வீட்டு மகளிரின் பாடலும் சொல்லும் பதிவாகாமலே மறையும். அவற்றைக் கேட்டெழுத வல்லவர் அம்மாணவியரே ஆவர்.

ஆதலின் பின்வரும் நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். படமும், தொலைபேசி எண்ணும், முகவரியும் எவர்க்கும் இடலாகாது. விரும்புவோர் புனைபெயரிலோ முதலெழுத்துகளிலோ எழுதலாம். வெளியார் கருத்துரைகள் ஆசிரியர் பார்த்து இசைந்த பின்னரே வெளிவருமாறு அமைக்கலாம். அழைக்கப்பெற்றோர் மட்டுமே படிக்குமாறு வலைப்பூவை மூடி வைக்கும் வசதியும் உண்டு. முதலாண்டு மாணவருள் சிலர் பதினெட்டு நிரம்பாதவர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அன்னோரைச் சிறாராகவே கொள்கிறது. எனவே அவர்தம் பெற்றோரின் இசைவை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. பொதுவில் எழுத விரும்பாத மாணவர், தாளில் எழுதித் தந்து அதே மதிப்பெண்ணைப் பெறவும் வழி இருத்தல் வேண்டும்.

நிலைபேறு

இலவசமாகக் கிடைக்கும் இடம் என்றும் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பெற்றது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்பெறாத கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆசிரியர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் தளத்தைத் தொடங்கி, ஓய்வு பெற்றோ பணி மாறியோ சென்றுவிட்டால், கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடும். அதனால் துறைக்கெனத் தனிக்கணக்கு வேண்டும். மேலாளர் இருவரேனும் இருத்தல் வேண்டும். பருவந்தோறும் தளத்தின் படியை இறக்கி நூலகக் கணினியில் சேமித்தல் வேண்டும். சிறந்த இடுகைகளைத் தேர்ந்து, இது போன்ற மலர்களில் அச்சிடுதலும் வேண்டும். அச்சும் இணையமும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்று தவறின் மற்றொன்று காக்கும்.

நிறைவுரை

வலைப்பூ ஆசிரியருக்கு மாற்றாகாது, நூலுக்கும் மாற்றாகாது. மாணவன் எழுதியதை ஒருவர் மட்டுமே படிப்பார் என்னும் நிலையை மாற்றுவதே அதன் பணி. தன் தாயும், தன் ஊர்ப் பெரியவரும், கடல் கடந்து வாழும் உறவினரும் படிப்பர் என்று அறிந்த மாணவன் ஒற்றுப்பிழையைத் தானே திருத்திக்கொள்வான். இரவல் வரியை எழுதக் கூசுவான். துறைக்கு ஒரு தளமும், மாணவருக்குப் பருவத்திற்கு ஓர் இடுகையும் எனத் தொடங்குவோம். பெரியோர்கள் தம் நினைவில் உள்ளவற்றைக் கேட்க வரும் பிள்ளைகளுக்கு மனமுவந்து கூறியருள வேண்டுகிறோம். நம் முதியோர் நாவில் உள்ள தமிழ் அவர்களோடு மறையாமல் இருக்க, வல்ல இறைவன் இம்முயற்சிக்குத் துணைபுரிவானாக.