கமக்காரர் வீட்டில் மரக்கறியுணவு

வெள்ளிக்கிழமையோ விரத நாளோ வந்துவிட்டால் எமது கிராமங்களிற் சமையல் செய்வோர் சிறிதும் கலங்குவதில்லை. பருப்பு, கீரைக்கடையல், கத்தரிக்காய்ப் பாற்கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய் வறை, மோர்மிளகாய், இரசம் என்று வரிசையாக வைத்து விடுவர். அன்று உண்டவர் எவரும் குறை கூறுவதில்லை. ஆனால், "இனி இறைச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டால் அதே வீட்டிற் பெருங்குழப்பம் ஏற்படுகின்றது. இறைச்சிச் சட்டி அடுப்பிலிருந்து இறக்கப்படுகின்றது. அதன் இடத்திற்கு வேறொன்றும் ஏற்றப்படுவதில்லை. காலையிற் புட்டும் சம்பலும், பகலிற் சோறும் சொதியும், இரவில் இடியப்பமும் சொதியும் என்று நாட்கள் கழிகின்றன. இது மரக்கறியுணவு அன்று, குறைவுணவு.

2022 ஆம் ஆண்டில் வைத்தியர் சொல்லாமலே பல குடும்பங்கள் இந்நிலைக்கு வந்தன. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. இறைச்சியும் மீனும் முதலிலே கைவிடப்பட்டன. விரும்பி விடுபவருக்கும் வேறு வழியின்றி விடுபவருக்கும் தேவைப்படுவது ஒன்றே: இறைச்சி தந்த புரதச்சத்தையும் இரும்புச்சத்தையும் தருகின்ற வேறு உணவு. அவ்வுணவு கமக்காரரின் நிலத்திலேயே விளைகின்றது என்பது அவருக்குத் தெரியாத செய்தியன்று. விளைந்தது அவருடைய வீட்டுச் சட்டிக்கு வந்து சேர்வதில்லை என்பதே குறை.

விற்பதும் வாங்குவதும்

பயறு, உழுந்து, கௌப்பி ஆகிய மூன்றிலும் உலர்ந்த நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம் உண்டு. அரிசியில் இருப்பதோ 7 பங்கு அளவே. சோயா அவரையில் 36 பங்குக்கும் மேல் இருக்கின்றது. அரிசியிற் குறைவாக உள்ள புரதக்கூறு ஒன்று பயற்றில் நிறைய இருக்கின்றது. பயற்றிற் குறைந்தது அரிசியில் இருக்கின்றது. ஆதலின் சோறும் பருப்பும் சேர்ந்த உணவு, இரண்டையும் தனித்தனியே உண்பதிலும் மேலானது. தோசையும் இட்டலியும் உழுந்தும் அரிசியும் கலந்தே ஆக்கப்படுகின்றன. எம் முன்னோர் இதன் காரணத்தை நூலிற் படித்தாரல்லர், உண்டு அறிந்தனர்.

இவ்விடத்திற் கமக்காரர் செய்துவரும் ஒரு பிழையைச் சொல்லாமல் விடுதல் தகாது. பயறு பிடுங்கி அடித்த கிழமையே, விலை மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், மூடை முழுவதும் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகின்றது. அடுத்த மாதம் அதே வீட்டார் கடையிலே மைசூர்ப் பருப்பை இறாத்தற் கணக்கில் வாங்குகின்றனர். மைசூர்ப் பருப்பு இந்நாட்டில் விளைவதன்று. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. தம் பயற்றை மலிவாக விற்றுப் பிறர் பருப்பை விலைகொடுத்து வாங்குவது எந்தக் கணக்கிற்கும் ஒவ்வாது.

கணக்கைப் பார்ப்போம். ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு 50 கிராம் வீதம் ஒன்றைவிட்ட ஒரு நாள் பயறு வகை சமைப்பதாயின், ஆண்டுக்கு 46 கிலோகிராம் போதும். ஏக்கருக்கு 400 கிலோகிராம் விளைவு என்று கொண்டால், அரைக்கால் ஏக்கர், அதாவது யாழ்ப்பாணத்துக் கணக்கில் 2 பரப்பு நிலம் அதனைத் தந்துவிடும். நீர் வசதியுள்ள வயலிற் காலபோக நெல் அறுவடையானதும் மண்ணிலே எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு, சிறுபோகம் தொடங்குமுன் இடைப்போகமாகப் பயறு விளைவிக்கலாம். எம்.ஐ. 5, எம்.ஐ. 6 ஆகிய இனங்கள் இரண்டு மாதம் அளவிற் காய்த்துவிடுகின்றன. மேலும் பயற்றஞ்செடியின் வேர்முண்டுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துவைப்பதால், அடுத்து வரும் நெல்லுக்கும் நன்மையுண்டு.

சட்டிக்குரிய விடயங்கள்

இறைச்சிக் கறியின் சுவை என்று பலர் எண்ணுவது பெரும்பாலும் சரக்கின் சுவையே. வெங்காயத்தைப் பொன்னிறமாகத் தாளித்து, இஞ்சியும் உள்ளியும் இடித்துப் போட்டு, வறுத்த கறித்தூளும் பெருஞ்சீரகமும் கறுவாவும் சேர்ப்பதால் வரும் மணமே வாயூறச் செய்கின்றது. அச்சரக்கைக் கௌப்பிக்கு இட்டுப் பாருங்கள். 250 கிராம் கௌப்பியை இரவிலே ஊறவைத்து, அந்நீரைக் களைந்து, புதுநீரில் நன்றாக அவியவிட வேண்டும். விதை மசியும் பருவம் வருமுன் புளி சேர்த்தல் ஆகாது. புளிப்பு விதையை இறுக்கிவிடும். அவிந்த கௌப்பியைத் தாளிதத்திற் கொட்டிப் பிரட்டி, பொரித்த கத்தரிக்காயும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து வற்றவிட்டு இறக்கினால், ஐந்து பேருக்குச் சோற்றுக்கும் புட்டுக்கும் போதிய கறியாகும்.

புட்டுக்குக் கறி வைக்க நேரமில்லாத வீட்டிற்குக் கீரைப்புட்டு உகந்தது. முருங்கையிலையைக் காம்பு நீக்கிக் குழைத்த மாவுடனும் தேங்காய்ப்பூவுடனும் கலந்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு அவித்தெடுப்பர். அதனுடன் ஒரு சிறங்கை அவித்த பயற்றையும் சேர்த்துவிட்டால் அதுவே முழுவுணவு. 100 கிராம் முருங்கையிலையில் 300 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து உண்டு. அதேயளவு பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமே உண்டு. வேலியில் நிற்கும் மரத்தின் இலையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிட்டுப் பால்மாப் பெட்டியைக் கடையில் தேடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

கீரைகளை மூடாது நெடுநேரம் அவித்து நீரை ஊற்றிவிடுவது கூடாது. மரவள்ளியிலை மட்டும் இதற்கு விலக்கு. அதனை நன்கு அரிந்து மூடாத பாத்திரத்தில் அவித்து, அந்நீரை அகற்றியே உண்ணல் வேண்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேருவதன்று. தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காய்ச் சம்பலோ கூட இருந்தால் அது நன்கு சேரும். சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் தடைப்படும். தேநீரை ஒரு மணிநேரம் கழித்துக் குடிப்பது நன்று. முளைகட்டிய பயற்றில் இப்புளிகளில் உள்ள அதே சி உயிர்ச்சத்து புதிதாக உண்டாகின்றது. எனவே முளைப்பயற்றை இலேசாக வதக்கித் தேங்காய்ப்பூவுடன் பிள்ளைகளுக்குக் காலையிற் கொடுக்கலாம்.

யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் மீனும் நண்டும் இன்றி ஆகாது என்பது பலர் கொள்கை. அது முற்றும் உண்மையன்று. பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி புழுங்கலரிசி, ஒரு சுண்டு ஊறவைத்த பயறு ஆகியவற்றை முதலில் அவியவிட வேண்டும். 250 கிராம் ஒடியல் மாவை வேறாக நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் கசப்பு நீரை வடித்துவிட்டு, அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு என்பவற்றுடன் கரைத்து, கொதிக்கும் பானையில் ஊற்றித் துழாவுதல் வேண்டும். முருங்கையிலையைக் கடைசியிற் போடலாம். மீன் இல்லாக் குறையைப் புளியும் உறைப்பும் மறைத்துவிடும் என்று கூறுவதிலும், பயறும் பலாக்கொட்டையும் தமக்கெனவே ஒரு சுவையைக் கொடுக்கும் என்று கூறுவதே பொருந்தும். பிளாவில் வார்த்துச் சூட்டோடு குடிப்பவர் இதனை அறிவர்.

பிஞ்சுப்பலாக்காய்க் கறி பற்றி ஓர் எச்சரிக்கை. இறைச்சி போலவே நாராகப் பிரிந்து வாய்க்கு இனிமை தருவதால், அதனை இறைச்சிக்கு ஈடென்று பலர் கருதுகின்றனர். வயிற்றை நிரப்புவதில் அதற்கு நிகரில்லை. "கொஸ் மாமா" எனச் சிங்கள மக்கள் அழைத்த பாணந்துறை ஆதர் வி. டயஸ் நாடெங்கும் பலா நடுவித்தது பஞ்சத்தை நினைத்தே. எனினும் பிஞ்சுக்காயிற் புரதம் மிகக் குறைவு. பலாக்காய் வைக்கும் நாளிற் பருப்போ பயறோ பக்கத்தில் இருத்தல் வேண்டும். கடைகளிற் கிடைக்கும் சோயாமீற்றிற் புரதம் போதியளவு உண்டு. ஆனால் அதனுடன் வரும் சரக்குப் பொதியில் உப்பு மிகுதி. அதிற் பாதியைப் போட்டாற் போதும்.

உழுந்து பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளை பருவமடைந்த வீட்டில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டும் உழுத்தங்களியை மற்ற நாட்களிலும், வீட்டிலுள்ள ஆண்களுக்கும் கிண்டிக் கொடுத்தால் யாருக்கும் தீங்கு வராது.

மரக்கறியில் இல்லாதது ஒன்றுண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவரவுணவில் கிடைப்பதில்லை. ஆதலால் இறைச்சியைக் குறைப்போர் தயிர், பால், முட்டை ஆகியவற்றுள் ஒன்றையாவது விடாது கொள்ள வேண்டும். மூன்றையும் விலக்கியோர், கருவுற்ற தாய்மார், சிறுநீரக நோயாளர் ஆகியோர் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றுதல் வேண்டும். சிறுநீரக நோய் மிகுந்த வடமத்திய மாகாணக் கமக்காரருக்கு இது முக்கியமாகும். அந்நோயுடையோருக்குப் பயறு வகை மிகுதல் தீமையாகவும் முடியலாம்.

பானையில் வைத்தல்

வீட்டுக்கென்று ஒதுக்கிய பயற்றைப் பயற்றுவண்டு துளைத்துவிடும் என்ற அச்சத்தினாலேயே பலர் அதனை விற்றுவிடுகின்றனர். இவ்வண்டு வயலிலே நெற்றின்மீது முட்டையிட்டு விதையோடு வீட்டிற்கு வருவது. பயற்றை மூன்று நான்கு நாள் நல்ல வெயிலிற் காயவிட்டு, பல்லாற் கடித்தாற் சடுக்கென உடையும் பதம் வந்ததும் ஆறவைக்க வேண்டும். பின்னர் கிலோகிராம் ஒன்றுக்கு 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் வீதம் விட்டு விதையெங்கும் பிடிக்கும்படி கையாற் புரட்டி, இறுக மூடக்கூடிய தகரத்திலோ பானையிலோ வாய்வரை நிரப்பி மூடுதல் வேண்டும். எண்ணெய் பூசிய விதையில் வண்டின் முட்டை பொரிப்பது அரிது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, துளை விழுந்த விதை தென்பட்டால் உடனே மீண்டும் வெயிலிற் பரப்புக. அடுத்த போகத்திற்குரிய விதைப்பயற்றை வேறு பானையில் வைத்து, பானையின்மேல் இனத்தின் பெயரையும் அறுவடைத் திகதியையும் எழுதி ஒட்டுக.