40ஐ நெருங்கும் வயதில் கர்ப்பம்: வாய்ப்பு எவ்வளவு, கவனம் எதில்?

கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வாழும் குடும்பங்களில் தாமதமான கர்ப்பம் இரண்டு விதமாக வருகிறது.

ஒன்று, காத்திருந்து வருவது. 29 வயதில் நிக்காஹ். கணவர் சவூதியிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் விடுப்பு. மூன்று விடுப்பு முடிவதற்குள் மனைவிக்கு 35 வயதாகிவிடுகிறது.

மற்றொன்று, எதிர்பாராமல் வருவது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் 43 வயதுத் தாய்க்கு மாதவிலக்கு வராமல் போகிறது. "இனி நின்றுவிட்டது போல" என்று விட்டுவிடுகிறார். ஐந்தாம் மாதத்தில்தான் கர்ப்பம் என்று தெரிகிறது. மருமகன் வரப்போகும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் இன்னும் ஒரு மாதம் போகிறது.

முதல் தாய் இழப்பது வாய்ப்பை. இரண்டாவது தாய் இழப்பது பாதுகாப்பை. இருவருக்குமே நஷ்டத்துக்குக் காரணம் வயதை விட, வீணாகப் போன மாதங்கள்தான்.

வயதாவது கருமுட்டைக்கு

ஆணுக்கு விந்தணு தொடர்ந்து உற்பத்தியாகிறது. பெண்ணுக்கு அப்படி இல்லை. 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. புதிதாக எதுவும் உருவாவதில்லை. பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம் மீதி இருக்கும். 37 வயதில் அது ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்துவிடும். எண்ணிக்கை குறைவதோடு, மீதி இருக்கும் முட்டைகளில் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதும் கூடுகிறது. கரு தங்காமல் போவது, தங்கியும் கலைவது, டவுன் சிண்ட்ரோம் ஆகியவற்றுக்கு வயது காரணமாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆரோக்கியமான 30 வயதுப் பெண்ணுக்கு ஒரு மாத முயற்சியில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் 5ல் 1. 40 வயதில் அது 10ல் 1க்கும் கீழே போகிறது. கருச்சிதைவு 20களின் பிற்பகுதியில் 10ல் 1 என்றால், 40க்கு மேல் சுமார் 3ல் 1; 45க்கு மேல் பாதிக்குப் பாதி.

"74 வயதில் பெற்றாரே" என்பவர்களுக்கு

2019 செப்டம்பரில் ஆந்திர மாநிலம் குண்டூரில் 74 வயதுப் பெண் ஒருவர் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. ஆனால் அந்தக் கருமுட்டை அவருடையது அல்ல, வேறொரு பெண்ணிடம் தானமாகப் பெற்றது என்ற தகவல் பலரைச் சென்று சேரவில்லை. கருப்பை முதுமையிலும் ஓரளவு சுமக்கும். கருமுட்டைதான் முன்பே தீர்ந்துவிடும். 45க்கு மேல் செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்ததாக வரும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

நம் குடும்பங்களுக்கு இது முக்கியமான விஷயம். 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, திருமண பந்தம் நீடிக்கும் நிலையில் கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் மட்டும் சேரும் சிகிச்சையை, தேவை ஏற்படும்போது, உரிய எச்சரிக்கையோடு அனுமதித்தது. மூன்றாம் நபரின் விந்தணு, முட்டை, கருப்பை எதையும் ஏற்கவில்லை. அப்படியானால், நாம் பார்க்க வேண்டிய கணக்கு சொந்தக் கருமுட்டையின் கணக்கு மட்டுமே. 43 வயதுக்கு மேல் சொந்த முட்டையில் ஒரு சுற்றுச் சிகிச்சையில் குழந்தை கையில் வரும் வாய்ப்பு பெரும்பாலும் 20ல் 1 அளவுக்கே இருக்கிறது. ஒரு சுற்றுக்கான செலவோ லட்சத்தைத் தாண்டும்.

எனவே நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன் மருத்துவமனையில் கேளுங்கள்: "நீங்கள் சொல்லும் வெற்றி விகிதம் என் வயதுப் பெண்ணின் சொந்த முட்டைக்கா, தான முட்டைக்கா?" ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயதும் ஆணுக்கு 55 வயதும்தான் இச்சிகிச்சைக்கு மேல்வரம்பு.

ஜகரிய்யா நபிக்கு முதுமையில் யஹ்யாவையும், ஸாரா அம்மையாருக்கு இஸ்ஹாக்கையும் அல்லாஹ் கொடுத்ததைக் குர்ஆன் சொல்கிறது. அவன் நாடினால் எதுவும் நடக்கும். அந்த நம்பிக்கை பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கான சாக்கு ஆகாது.

விடுப்பைக் கணக்கிடுங்கள்

ஒரு மாதச் சுழற்சியில் கரு தங்கக்கூடியது சுமார் 6 நாட்கள்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும். 45 நாள் விடுப்பில் இது ஒருமுறையோ இரண்டு முறையோதான் வரும். "கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இன்னும் ஒன்றும் இல்லையே" என்று மருமகளைக் கேட்கும் முன், இருவரும் சேர்ந்திருந்தது எத்தனை மாதம் என்று மாமியார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருட முயற்சிக்குப் பின், 35ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்குப் பின், 40ஐத் தாண்டினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியருக்கு ஆண் பக்கக் காரணமும் உண்டு. விந்தணுப் பரிசோதனை எளியது; கணவர் வேலை பார்க்கும் ஊரிலேயே செய்துகொள்ளலாம். மனைவியின் பரிசோதனைகளும் முன்பே முடிந்திருந்தால், விடுப்பு நாட்கள் ஆஸ்பத்திரி வரிசையில் கரையாது.

தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஆபத்துகள்

35க்கு மேல் கர்ப்பகாலச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், குறைப்பிரசவம், சிசேரியன் ஆகியவை கூடுகின்றன. முன்பே சிசேரியன் ஆனவர்களும் பல பிரசவம் கண்டவர்களும் ரத்தப்போக்கு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250ல் 1. 35ல் 350ல் 1. 40ல் 100ல் 1. 45ல் 30ல் 1. இதைத் திருப்பியும் படிக்க வேண்டும்: 40 வயதுத் தாய்மார் 100 பேரில் 99 பேரின் குழந்தைக்கு இது இல்லை.

"குறை இருந்தாலும் கலைக்கப் போவதில்லை, பிறகு ஸ்கேன் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும். முன்பே தெரிந்தால் அதற்கான வசதியுள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடலாம். வேறு முடிவு தேவைப்பட்டாலும் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்க அவகாசம் இருக்கும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொன்று வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆய்வு செய்து 2024ல் முடிவை வெளியிட்டது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்காகியிருந்தது. வயதின் ஆபத்தோடு வெயிலின் ஆபத்தும் சேரக் கூடாது. உப்பளத்துக்குப் போகும் சகோதரிகள் கர்ப்பம் தெரிந்ததும் உச்சி வெயில் வேலையை விட, வீட்டில் உள்ளவர்கள் வழி செய்ய வேண்டும்.

எப்போது என்ன செய்வது?

* கர்ப்பத்துக்கு முன்: சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை. ஃபோலிக் அமில மாத்திரையை முன்பிருந்தே தொடங்க வேண்டும்.
* மாதவிலக்கு தள்ளிப்போனால்: 45 வயதானாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றவர்கள், தொடர்ந்து இரண்டு வருடம் வராத பிறகே கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லை என்று கருதலாம். 50ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு வருடம்.
* 12 வாரத்துக்குள்: கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு. பிரஷர் ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.
* 11 முதல் 14 வாரத்துக்குள்: கழுத்துப் பின்புறத் திரவத்தை அளக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன்.
* முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரத்திலும்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை. 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லாத இந்த எளிய முறை பரவ உழைத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா.
* விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவு: விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. பொம்மையார்பாளையம் பகுதியினருக்குக் காலாப்பட்டில் பிம்ஸ், கோரிமேட்டில் ஜிப்மர், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளன. பிரசவம் எங்கே என்பதை ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுவது நல்லது.

43 வயதில் உம்மா கர்ப்பமாவது வெட்கப்படும் விஷயம் இல்லை. மகளே முதலில் தெரிந்துகொண்டு உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களோ அடுத்த விடுப்புக்கு டிக்கெட் போடும் முன் பரிசோதனைக்கு நாள் குறிக்கட்டும். கேட்டவர்களுக்கு ஸாலிஹான சந்ததியையும், சுமக்கும் தாய்மார்களுக்குச் சுகப் பிரசவத்தையும் அல்லாஹ் தருவானாக.