முரசுக்காரர் உதீன்
கண்டியிலிருந்து சிட்னி வரை ஒரு கைதியின் சுவடு

1803ஆம் ஆண்டு என்றதும் வன்னி மக்களாகிய நமக்குப் பண்டாரவன்னியனின் நினைவே முதலில் எழும். அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் டிரிபேர்க் என்னும் தளபதியின் படையிடம் தோல்வியுற்றான். அத்தோல்வியைக் குறித்து அங்கே ஒரு கல்லும் நாட்டப்பட்டது. வென்றவரின் புகழைச் சொல்ல எழுந்த கல்லே தோற்றவனின் பெயரையும் காத்துத் தந்தது!

அதே ஆண்டில் அதே ஆங்கிலேயரை விட்டு விலகிய மற்றொருவரின் பெயரை நம்முள் அறிந்தோர் மிகச் சிலர். அவர் உதீன் என்னும் மலாயர். அவருடைய வாழ்க்கைச் சுவடும் அவரைத் தண்டித்தவர்களின் ஏடுகளிலேயே பெரும்பாலும் கிடக்கின்றது. அதனைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

கண்டியில் நேர்ந்தது

ஒல்லாந்தர் காலத்தில் சாவகம் முதலிய கிழக்குத் தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் இங்கு வந்தவர்களே இலங்கை மலாயரின் முன்னோர். 1796இல் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் மலாய்ப் போர்வீரரும் அவர்கள் சேவைக்கு மாறினர். அப்படையில் உதீன் ‘டிரம் மேஜர்’, அதாவது முரசறைவோரின் தலைவர்.

1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டி நகரைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசராக்கி, மேஜர் டேவியின் பொறுப்பில் ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். நோயும் பசியும் அப்படையை அரித்தன. யூன் மாதம் 24ஆம் நாள் டேவி சரணடைந்தார். மகாவலி கங்கையைக் கடக்க வழியின்றி நின்ற படையினருட் பெரும்பாலோர் வெட்டுண்டு மாண்டனர். மலாயருக்கோ மன்னர் விக்கிரமராசசிங்கர் வேறொரு வழியைக் காட்டினார்: தம் சேவையிற் சேரலாம் என்பதே அது. கப்டன் நூர்தீனும் அவர் சகோதரரும் மறுத்து உயிர் நீத்தனர். வேறு பலர் சேர்ந்தனர். அவ்வாண்டிற் கண்டியின் பக்கம் சேர்ந்தவர்களுள் உதீனும் ஒருவர்.

இதனை வகுப்பிற் கூறியபோது, “அப்படியானால் உதீன் துரோகிதானே, ஐயா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. நூர்தீனின் உறுதியை வணங்காதார் யார்? ஆயினும், வேற்று நாட்டவர் இருவர் பொருதும் போரில், கூலிக்கு முரசறைந்த ஒருவர் உயிர் வாழ விரும்பியதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

இரண்டு கப்பல்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. உதீன் பிடிபட்டார். படை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது.

அவருக்குக் குறிக்கப்பட்ட இடம் நியூ சவுத் வேல்ஸ். 1788ஆம் ஆண்டு முதல் 1868ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 1,60,000 கைதிகளை ஆங்கிலேயர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். சிறு திருட்டுக்காகக்கூட ஏழைகள் அங்குச் சென்றதுண்டு. அப்பெருங்கூட்டத்தில் இலங்கையிலிருந்து சென்ற இவரும் கலந்தார்.

1816 சனவரி 24ஆம் நாள் விக்கிரமராசசிங்கர் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேலூருக்குச் சிறை சென்றார். அடுத்த மாதமே ‘கங்காரு’ என்னும் கப்பல் உதீனையும் அவர் மனைவி மக்களையும் சிட்னியிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. மன்னரும், மன்னரை அண்டிய முரசுக்காரரும், ஒரே வேளையில் எதிரெதிர்த் திசைகளிற் கடல் கடந்தனர். மன்னரின் கதையை நாடு மறக்கவில்லை. முரசுக்காரரை யார் நினைத்தார்?

உதீன் ‘ஓடீன்’ ஆனார்

சிட்னிப் பதிவுகளில் அவரைத் தேடுவோர் முதலில் தடுமாறுவர். அங்கே உதீன் என்ற ஒலி ‘ஓடீன்’ எனத் திரிந்து, முன்னே ‘வில்லியம்’ என்ற பெயரையும் பெற்றுவிட்டது. வாசிப்பவர் அவரை அயர்லாந்துக்காரர் என்றே எண்ணக்கூடும்! சிங்களப் பெண் எனக் கூறப்படும் அவர் மனைவியின் பெயரும் ‘ஈவ்’ என்றே காணப்படுகின்றது. தாய் இட்ட பெயர் யாதோ?

ஆயினும் அவர் தாய்மொழி அவரைக் கைவிடவில்லை. அக்காலத்தில் அவுஸ்திரேலியாவின் வட கரைக்கு மக்காசார் மீனவர் ஆண்டுதோறும் வடமேற்குப் பருவக்காற்றோடு வந்து கடலட்டை பிடித்து, காற்று மாறியதும் திரும்பினர். கடலட்டையை நம் கரையோர மக்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1827இல் ஆங்கிலேயர் அங்கே ராபிள்ஸ் குடாவில் ஒரு குடியேற்றத்தை நிறுவினர். மீனவரோடு பேச மலாய் மொழி அறிந்தவர் தேவைப்பட்டார். அப்பணிக்குச் சென்றவர் உதீனே! ஒருகாலத்தில் அவருக்கு மரண தண்டனை விதித்த அரசு, அவர் நாவை நம்பி நின்றது. 1829இல் அக்குடியேற்றம் கைவிடப்பட்டது.

மாணவர்க்கு ஒரு சொல்

கண்டி ஏட்டில் அவர் ஓடிப்போனவர், சிட்னியிற் கைதி, ராபிள்ஸ் குடாவில் மொழிபெயர்ப்பாளர். மூன்றும் பிறர் இட்ட பெயர்கள். மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான், மனைவி மக்களோடு கடல் கடந்து, தெரிந்த மொழியைக் கொண்டு பிழைத்த ஒரு மனிதரை நாம் காண்கின்றோம். துரோகியா எனக் கேட்ட மாணவருக்கு நாம் பின்னர் கூறிய விடை இதுவே: முழு வாழ்வையும் தேடிய பின் தீர்ப்பைப் பற்றிச் சிந்திப்போம்.

பூவரசங்குளத்திலும் அயலூர்களிலும், இடம்பெயர்ந்தவரோ கடல் கடந்தவரோ இல்லாத குடும்பம் அரிது. அவர்கள் பெயர்களும் அந்நிய அலுவலகங்களில் சிதைந்த எழுத்துக்களிற் பதிவாகியிருக்கும். ஆதலின் இந்த விடுமுறையில் பாட்டனார் பாட்டியார் அருகில் அமர்ந்து, யார் எந்த ஆண்டில் எவ்வூரை விட்டு எங்குச் சென்றார் என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதி, அவர்கள் முன்னே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். உதீனுக்கு அப்படி எழுதிவைக்க ஒரு பேரப்பிள்ளை இருந்திருப்பின், ஈவின் உண்மைப் பெயரையாவது நாம் இன்று அறிந்திருப்போம்.