உருகாமல் ஒட்டும் உலோகங்கள்

பெரிய கட்டடங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த கேபிள் பெரும்பாலும் அலுமினியம். போர்டுக்குள் அது போய்ச் சேரும் பட்டை பல இடங்களில் செம்பு. இரண்டையும் நேராக போல்ட் போட்டு முடுக்கினால், இடுக்கில் ஈரம் புகுந்ததும் அலுமினியம் அரிபடும். தொடுமிடம் சூடேறிக் கருகும். அதனால்தான் எலெக்ட்ரீஷியன்கள் நடுவில் பைமெட்டல் லக் பொருத்துகிறார்கள். கேபிள் நுழையும் குழல் அலுமினியம், போல்ட் மாட்டும் தட்டு செம்பு. வெள்ளையும் சிவப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டில் இடுக்கே கிடையாது.

உருக்கிப் பற்றவைத்து அந்தக் கோட்டை உண்டாக்குவது பெரும்பாடு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்புக்கு 1085 வேண்டும். உருகிக் கலந்தாலோ, கண்ணாடிபோல் நொறுங்கும் சேர்மங்கள் இடையில் தடித்து வளரும். போதாததற்கு, அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் படிந்திருக்கும். அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

உராய்வுப் பற்றவைப்பு உருக்கும் வேலையையே விட்டுவிடுகிறது. எந்திரம் பார்வைக்கு லேத் போலிருக்கும். ஒரு துண்டைச் சக்கில் பிடித்து வேகமாகச் சுழற்றுவார்கள். அசையாமல் நிற்கும் மற்றொன்றை அதன் முகத்தோடு வைத்து அழுத்துவார்கள். உரசும் முகம் சில விநாடிகளில் சூடேற, அலுமினியம் பிசைந்த மாவுபோல் இளகும். சட்டென்று சுழற்சியை நிறுத்தி, இன்னும் பலமாக அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

உராய்வு என்றதும் சூடுதான் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அது செய்யும் துப்புரவு. சுழற்சி ஆக்சைடு தோலைக் கிழிக்கிறது. இளகிய அலுமினியம் அந்தக் கிழிசல்களையும் அழுக்கையும் வாரிக்கொண்டு விளிம்புக்கு வெளியே பிதுங்கி, வளையமாகச் சுருள்கிறது. அந்தப் பிசிறைக் கடைந்து எடுத்துவிடுவார்கள். உள்ளே, காற்றே படாத புத்தம்புது உலோகமும் புத்தம்புது உலோகமும் அணுவுக்கு அணு நெருங்கிப் பிணைகின்றன. நொறுங்கும் சேர்மம் இங்கும் பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் வெப்பம் தங்குவது சில விநாடிகளே என்பதால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் அது தடிக்க நேரமில்லை. தடித்துவிட்டால் இணைப்பு போயிற்று. ஆகவே எத்தனை விநாடி உரசுவது, எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது.

எஞ்சின் வால்வுகளிலும் இதே வித்தைதான். எரியும் வாயுவைத் தாங்கும் தலைக்கு ஓர் எஃகு, தேய்மானத்தைத் தாங்கும் தண்டுக்கு வேறொரு எஃகு.

லக் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, அதை வைஸில் பிடித்து முறியும்வரை வளைப்பார்கள். சரியாக ஒட்டியதென்றால் அலுமினியம் கிழியும்; கோடு அப்படியே இருக்கும்.