ஒரே அறை கேட்கும் இரு பெண்கள்

ஜூலை பிறந்தால் நோர்வேயில் பல தொழிற்சாலைகள் மூன்று கிழமைக்கு மூடப்படும். யார் எங்கே போகிறார்கள் என்பதுதான் சாப்பாட்டு அறையில் ஒரே கதை. எம்மோடு பொதி கட்டும் பகுதியில் நிற்கும் பெண்ணொருவர், தன் துணைவியுடன் பின்லாந்துக்குப் போவதாகச் சொன்னார். நோர்வேக்காரர்கள் அங்குள்ள காலநிலையை விசாரித்தார்கள். எம்மவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டோம்.

பெண்ணும் பெண்ணும் துணையாகி ஒரு குடும்பமாக வாழ்ந்தால் லெஸ்பியன் சோடி என்பார்கள். அப்படியான சோடி பயணம் புறப்படுமுன் யோசிக்கும் விடயங்கள் சில உண்டு. ஹோட்டலில் இருவருக்கும் ஒரே கட்டில் கேட்டால் முகம் சுளிப்பார்களா? தெருவில் கைகோத்து நடக்கலாமா? ஒருத்தி வருத்தமாய் விழுந்தால், மற்றவளைச் சொந்தம் என்று ஆஸ்பத்திரியில் ஏற்பார்களா? பயமின்றி 'ஓம்' என்று பதில் சொல்லக்கூடிய இடங்கள் என்று வட ஐரோப்பிய நாடுகள் பெயரெடுத்துள்ளன.

இந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. சுவீடனில் 1944 வரையும், பின்லாந்தில் 1971 வரையும் பெண்களுக்கிடையிலான உறவும் குற்றமாகவே இருந்தது. நோர்வேயில் ஆண்களைத் தண்டித்த சட்டம் 1972இல்தான் நீங்கியது. ஒருபால் சோடிகளை உலகிலேயே முதன்முதலாகப் பதிவு செய்த நாடு டென்மார்க். 1989 ஒக்டோபர் 1ஆம் திகதி கொப்பன்ஹேகன் நகரசபையில் 11 சோடிகள் பதிந்தார்கள். பின்னர் முழுமையான திருமண உரிமையும் வந்தது: நோர்வே, சுவீடன் 2009, ஐஸ்லாந்து 2010, டென்மார்க் 2012, பின்லாந்து 2017.

இனி இவர்கள் விரும்பிப் போகும் சில இடங்களைப் பார்ப்போம்.

டென்மார்க்கின் ஃபெமோ ஒரு சிறு தீவு. 1971 முதல் கோடைதோறும் அங்கே பெண்களுக்கு மட்டுமான கூடார முகாம் நடக்கிறது. சமையல், துப்புரவு, பாட்டு எல்லாம் பெண்களே. டென்மார்க்கின் லெஸ்பியன் இயக்கத்துக்கு வித்திட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

சுவீடனில் மோர்பக்கா என்ற இடத்தில் எழுத்தாளர் செல்மா லாகர்லொவ்வின் வீடு அருங்காட்சியகமாக உள்ளது. 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். சோஃபி எல்கன் என்ற எழுத்தாளரும் அவரும் 1899 - 1900இல் எகிப்துக்கும் பலஸ்தீனத்துக்கும் ஒன்றாகப் பயணம் போனார்கள். அவர்களது கடிதங்கள், செல்மா இறந்து 50 வருடம் கழிந்து 1990இல்தான் திறக்கப்பட்டன. ஆழமான அன்பு அவற்றில் தெரிகிறது. அந்த நாளில் அதை வெளியே சொல்ல வழியில்லை.

பின்லாந்தின் ரூவே யான்சனை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மூமின் கதைகளை எழுதி வரைந்தவர். ஓவியர் தூலிக்கி பியெத்திலாவும் அவரும் சேர்ந்து வாழத் தொடங்கியபோது அந்த உறவு சட்டப்படி குற்றம். க்ளூவ்ஹாரு என்ற பாறைத் தீவில் 1960களில் ஓர் அறை வீடு கட்டி, ஏறத்தாழ 30 வருடம் கோடைகளைக் கழித்தார்கள். 1992இல் ஜனாதிபதியின் சுதந்திர தின விருந்துக்குச் சோடியாகவே போனார்கள். அந்தச் சிறு வீட்டைக் கோடையில் சில நாட்களுக்கு மட்டும் பார்வையிடலாம்.

ஐஸ்லாந்தில் 2009இல் பிரதமரான யோஹன்னா சிகுர்தார்தோத்திர் ஒரு பெண்ணுடன் வாழ்பவர் என்பது ஊரறிந்த சங்கதி. 2010 ஜூன் 27, திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே தன் துணைவியை மணந்தார். தலைநகர் ரேய்க்யவிக்கில், பெரிய தேவாலயத்துக்கு ஏறும் தெருவில் வானவில் நிறங்கள் பூசப்பட்டுள்ளன.

எல்லாம் பூரணம் என்று சொல்ல வரவில்லை. 2022 ஜூன் 25 அதிகாலை ஒஸ்லோவில் ஒருபாலினத்தவர் கூடும் மதுச்சாலையருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் இறந்தனர். அன்றைய ஊர்வலம் நிறுத்தப்பட்டது. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் தாமாகவே தெருவில் இறங்கி நடந்தார்கள். சட்டம் பாதி, சனம் பாதி என்பது அன்று விளங்கியது.

நாம் பிறந்த நாட்டில் நடந்ததோ வேறு. பிரித்தானியர் 1883இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 365 ஏ பிரிவு ஆண்களையே குறித்தது. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, ஊரில் தம்மை மறைத்து வாழ்ந்தவர்கள் எம்மிடையே இல்லை என்று யார் சொல்லலாம்? குண்டுக்குத் தப்பி வந்த நமக்குப் பாதுகாப்புத் தந்த நாடுகள்தாம் இவர்களுக்கும் கதவு திறந்தன.

இங்கே வளரும் எங்கள் மகள்மாரில் ஒருத்தி நாளை, "அம்மா, இவளோடு கொப்பன்ஹேகன் போய்வருகிறேன்" என்று சொல்லலாம். 'இவள்' யார் என்பது அவள் குரலிலேயே எமக்கு விளங்கும். அங்கே ஹோட்டல்காரன் மறுபேச்சின்றித் திறப்பைக் கொடுப்பான். அவள் பயப்படுவது எங்களுக்குத்தான். மகனும் மருமகளும் புறப்பட்டால் என்ன கேட்போம்? எங்கே தங்குகிறீர்கள், குளிருடுப்பு எடுத்தாச்சா, எப்ப திரும்புவீர்கள்? அதையே இவர்களிடமும் கேட்போம். திரும்பி வரும் நாளில் இருவருக்குமாகச் சேர்த்துச் சோறு போடுவோம்.